மரம் போச்சு என்று வந்த துரை

நம் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் தள்ளிவிடுகிற வேலை துப்பாக்கிக்குப் பிடி மாற்றுவது. எனக்கும் அதைத்தான் தந்தார்கள், உங்களுக்கும் அதைத்தான் தந்திருப்பார்கள். குழலில் கை வைத்தால் ஆபத்து, விசையில் கை வைத்தால் ஆபத்து, பிடியில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்ற எண்ணம். இரண்டு மரத்துண்டு, ஒரு திருகாணி. நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அரத்தைக் கையில் எடுத்திருப்பீர்கள்.

போன மாதம் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தேன் அல்லவா, அன்று உங்களில் ஒருவர், "ஐயா, ரிவோல்வருக்குப் பிடி போட எந்த மரம் நல்லது?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் கவனித்தேன். மறதி இல்லை. மரத்தின் பெயரை மட்டும் சொன்னால் நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவீர்கள். நானும் ஒரு காலத்தில் மரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு அலைந்தவன் தான். அதனால் அந்தக் கேள்விக்கான பதிலைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பிறந்தது நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டமொன்றில். தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்துவிட்டுப் பதுளை டவுனுக்கு வந்து, துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையொன்றில் சேர்ந்தேன். கடையின் முதலாளியை ஊரே ஹாஜியார் என்று கூப்பிடும். லைசன்ஸ் அவர் பெயரில். முன்பக்கத்து மேசை அவருடையது, உள்ளே பட்டறை பெஞ்சு என்னுடையது. வாடிக்கையாளரோடு தேவையில்லாமல் பேச்சு வளர்ப்பது அவருக்குப் பிடிக்காது. "தம்பி, துவக்கு வெச்சீக்கிற மனிசனோட வாதாடப் போகாதீங்க" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துவிட்டிருந்தது. தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் பெரும்பாலும் போய்விட்டார்கள், அவர்களுடைய இடத்துக்கு நம் நாட்டுத் துரைமார் வந்திருந்தார்கள். எழுபத்தொன்றில் கிளர்ச்சி நடந்த குழப்பக் காலத்தில் பொலிஸில் ஒப்படைத்த துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஈரத்தில் கிடந்து வந்தவை. இரும்பைத் துடைத்து எண்ணெய் போட்டால் சரியாகிவிடும், ஆனால் பிடிகள் வெடித்தும் சுருங்கியும் பல்லிளித்துக்கொண்டு வரும். புதுப்பிடி வாங்கலாம் என்றால் வெளிநாட்டுச் சாமான் எதுவும் இறங்காத காலம். ஆகவே நாங்களே செதுக்கினோம். முதிரை, நெதுன், கருங்காலி என்று தச்சுப்பட்டறைகளில் மிஞ்சிய கட்டைகளை நான் தேடிப் பொறுக்குவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கருங்காலி பார்க்க ராஜா மாதிரி இருக்கும், திருகாணியை அரைச்சுற்று அதிகம் முறுக்கினால் பட்டென்று பிளந்துவிடும். நெதுன் அடக்கமானது, சொன்னபடி கேட்கும். முதிரை வழவழப்புக்கு வரும், கையில் நிற்கும். மரை மான் கொம்பில் வேண்டும் என்று ஒரு கொந்தராத்துக்காரர் அடம்பிடித்து, போட்டுக் கொடுத்து, அது அவருடைய உள்ளங்கையைப் பிராண்டி, அவர் என்னைத் திட்டிக்கொண்டு போனதெல்லாம் தனிக்கதை. மரங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற தலைக்கனம் எனக்கு அப்போது நிறையவே இருந்தது.

அந்தக் காலத்தில் தான் அந்தத் துரை வந்தார். பெயரையும் தோட்டத்தையும் சொல்லப்போவதில்லை. அவர் போய்ச்சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. இருக்கும்போதே, "கதை சொல்லு, பேர் சொல்ல வேணாம்" என்று எனக்கு உத்தரவு தந்துவிட்டுப் போனவர்.

தென்கரைப் பக்கத்துச் சிங்களவர். நெட்டையான ஆள், நாற்பதைத் தாண்டியிருப்பார். அதுவரை ரப்பர் தோட்டங்களில் இருந்ததால் தமிழுக்குத் தேவை இருக்கவில்லை. நமுனுகுலப் பக்கம் மாற்றலாகி வந்தபிறகு தான் தமிழ் படிக்கத் தொடங்கியிருந்தார். கூடவே அவருடைய சொந்த ஊரிலிருந்து வந்த டிரைவர். அந்த ஆளுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது.

துரை கடைக்குள் வந்ததும் ஹாஜியார் எழுந்து சிங்களத்தில் வரவேற்றார். துரை கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சிங்களம் வேணாம். நான் தமிழ் படிக்குது. தமிழ் பேசு. நீ நல்லா இருக்கா?"

ஹாஜியாரை "நீ" என்று கூப்பிட்ட மனிதர் பதுளை டவுனில் அதுவரை கிடையாது. உள்ளே பெஞ்சில் இருந்த நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு, "நல்லா ஈக்கிறன் துரை" என்று மட்டும் சொன்னார்.

மரியாதைக் குறைவாகச் சொன்னதில்லை அது. தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கிற இடத்தைப் பெரட்டுக்களம் என்போம். துரைமார் தமிழ் படிப்பது அங்கே தான். வா, போ, வெட்டு, எடு, ஓடு, சத்தம் போடாதே. ஏவுகிற சொல்லெல்லாம் வந்துவிடும். "வாங்க" வராது, "தயவுசெய்து" வராது. வலிக்கிறது, பயமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்பதற்கெல்லாம் பெரட்டில் இடமே இல்லை. அந்தத் தமிழை வைத்துக்கொண்டு தான் அந்த மனிதர் எங்களிடம் வந்தார்.

முதல் தடவை சிக்கலில்லை. ரிவோல்வரின் கறுப்புப் பிடியில் ஒரு பக்கம் பாதியாக உடைந்திருந்தது. "விழுந்தது. கல்லு மேல விழுந்தது. மரம் போடு" என்றார். குண்டில்லாமல் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிடியைக் கழற்றினேன். கையை நீட்டச் சொல்லி அளவு பார்த்தேன். பெரிய கை. நல்ல மஞ்சள் முதிரையில் போட்டேன். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையாது, அப்படிப் பொருந்தியது. வாங்கிப் பார்த்துவிட்டு, "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, "நீ நல்ல மனுஷன்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில கிழமைகள் போயிருக்கும், திரும்ப வந்தார். சிரிப்பில்லை. ரிவோல்வரை மேசையில் வைத்து, "இது கையில சுத்துது. மரம் போச்சு" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். வெடிப்பில்லை, வீக்கமில்லை, திருகாணி தளரவில்லை. "மரம் நல்லாத்தானே இருக்குங்க" என்றேன்.

"இல்ல. மரம் போச்சு." கையை ஒருமுறை விரித்து மூடிக் காட்டினார். "மரம்... போச்சு."

ரிவோல்வர் கைக்குள் சுழல்கிறது என்றால் பிடி மெல்லிசாக இருக்கிறது என்று தானே நாமெல்லாரும் எடுத்துக்கொள்வோம்? நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். முதிரை வழுக்குகிறது போல என்று நெதுனில் தடிப்பாக ஒரு சோடி செதுக்கி, மேலே சதுரம் சதுரமாகக் கோடு வெட்டிச் சொரசொரப்பாக்கிப் போட்டேன். ஹாஜியார் எட்டிப் பார்த்துவிட்டு, "பழசும் நல்லாத்தானே தம்பி ஈக்கி?" என்றார். "துரை மரம் போச்சுங்கிறாருங்க" என்றேன். "அப்ப போனது தான். போட்டுக் குடுங்க" என்றார்.

மூன்றாம் தடவை வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. மழைவிட்ட ஒரு மத்தியானம். டிரைவர் வாசற்படியில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தான். துரை நேராக உள்ளே பெஞ்சுக்கே வந்துவிட்டார். "மரம் போச்சு" என்றார் மறுபடியும். குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கு சம்பளம். நான் பேங்க் போகுது, காசு ஜீப்ல வருது. இது வழுக்கி வழுக்கிப் போகுது. பெரிய மரம் போடு. இன்னைக்கே போடு."

பிடி இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். குற்றம் என் வேலையில் இல்லை என்று காட்டவேண்டும் என்ற வீம்பு தான், வேறொன்றுமில்லை. பார்க்கப் பார்க்கத்தான் கோபம் போய், இது என்னடா புதினம் என்கிற யோசனை வந்தது.

புது மரத்தில் கை பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வியர்வை ஊறும், அழுக்கேறும், கொஞ்ச நாளில் பிடிக்கிற இடமெல்லாம் கறுத்து மினுங்கும். அந்த நெதுன் பிடியில் பெருவிரல் படும் இடம் கறுத்திருந்தது. நடுவிரல் படும் இடமும் கறுத்திருந்தது. அதற்குக் கீழே, மோதிரவிரலும் சுண்டுவிரலும் சுற்றிப் பிடிக்க வேண்டிய இடம், நான் செதுக்கி வைத்தது போல அப்படியே வெளுப்பாக இருந்தது. வெட்டிய கோடுகளின் முனை கூட மழுங்கவில்லை. அலமாரியில் போட்டிருந்த பழைய முதிரைப் பிடியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் அப்படியே தான்.

ரிவோல்வரைத் தாங்குவது எந்த விரல் என்று உங்களைக் கேட்டால், பாதிப்பேர் பெருவிரல் என்பீர்கள். இல்லை. கீழேயுள்ள இரண்டு விரலும் உள்ளங்கையோடு சேர்த்து இறுக்கினால் தான் அது ஆடாமல் நிற்கும். இந்த மனிதர் அந்த இரண்டையும் பயன்படுத்தவே இல்லை. ஏன்? சுருட்டுப் பிடிக்கிற மாதிரி மூன்று விரலால் பிடிக்கிற பழக்கமா? எங்கேயாவது எலும்பு முறிந்ததா? கையைப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ஐயா, கை அச்சு ஒண்ணு எடுத்துப் பார்ப்போங்களா?" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கையைப் பொத்திக் காட்டினேன், மெழுகைக் காட்டினேன். தலையாட்டினார். மண்ணெண்ணெய் அடுப்பில் பால் டின்னை வைத்து மெழுகை உருக்கி, கொஞ்சம் ஆறவிட்ட மெழுகை வெறும் இரும்பைச் சுற்றி அப்பினேன். பிடியில்லாத ரிவோல்வரை அவர் கையில் கொடுத்தேன். "இறுக்கிப் பிடிங்க" என்றேன். பிடித்தார். பற்களைக் கடித்துக்கொண்டு பிடித்தார்.

திருப்பி வாங்கிப் பார்த்தால், மெழுகில் மூன்று பள்ளம் நன்றாக விழுந்திருந்தது. கீழே இருக்கவேண்டிய இரண்டு பள்ளமும், தண்ணீரில் மிதக்கிற இலை போட்ட அடையாளம் போல, இருந்தும் இல்லாமலும் இருந்தன. நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தான் ஒரு நாற்றம் மூக்கில் பட்டது. மெழுகு நாற்றம் எனக்குப் பழக்கம், இது அது இல்லை. தலையை நிமிர்த்தினால், அவர் அதே கையைப் பெஞ்சில் ஊன்றியிருக்கிறார். கையின் வெளி ஓரம், சுண்டுவிரல் பக்கம், அடுப்பிலிருந்த டின்னின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோல் பொசுங்குகிறது. மனிதர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாக நிற்கிறார்.

பாய்ந்து கையை இழுத்தேன். அவர் குனிந்து பார்த்தார். சிவந்து கொப்புளிக்கத் தொடங்கியிருந்த அந்த இடத்தை, யாரோ வேறொருவருடைய கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு மற்றக் கையால் அந்த இரண்டு விரல்களையும் பிடித்து என் முன்னால் நீட்டினார்.

"மரம் போச்சு," என்றார். "நான் சொல்லுது, சொல்லுது. நீ கேக்குது இல்ல. இது மரம் போச்சு!"

அந்த இரண்டு விரலையும் பார்த்தபோது எனக்கு விளங்கியது. மரம் போச்சு இல்லை. மரத்துப் போச்சு.

நான் செதுக்கிய மரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கவில்லை. தன் கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தட்டுத்தடுமாறிப் பிடித்த ஒரு சொல், பாதி உதிர்ந்து என் காதில் விழுந்திருக்கிறது. நான் பிடி செதுக்குகிறவன், எனக்கு மரம் என்றால் மரம் தானே. வேறு தொழில்காரனாக இருந்திருந்தால் முதல் தடவையே விளங்கியிருக்குமோ என்னவோ.

சட்டைக் கையை அவரே மேலே சுருட்டினார். முழங்கைக்குக் கீழே உள்ளங்கையளவு ஒரு இடம் வெளிறிப்போய், மயிர் உதிர்ந்து, வறண்டு கிடந்தது. நான் வளர்ந்த தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசி லயத்துக்கும் அப்பால் தனிக்குடிசையில் ஒருவரை வைத்திருந்தார்கள். விரல்கள் மடங்கி, மடங்கியவை தேய்ந்து, சோற்றைக் கூடத் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடிவருவார்கள். அவருக்கு முதலில் கையில் இப்படித்தான் வெளிறியதாம், அடுப்பு சுட்டும் தெரியவில்லையாம் என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பயம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகம் போன போக்கை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நான் நினைத்ததையே அவரும் பல நாளாகத் தனியாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. வாசலில் நின்ற டிரைவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். தமிழ் படிக்கிற ஆசையில் தான் தமிழில் பேசச் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சொந்த ஊர்க்காரன் காதில் விழாமல் இதைச் சொல்ல அவருக்கு ஒரு பாஷை தேவைப்பட்டிருக்கிறது.

"பெரிய மரம் போடு," என்றார் மெதுவாக. "தோல்ல வார் போடு. கட்டு. நாளைக்கு நான் போகுது."

பிள்ளைகளே, நம் தொழிலில் இந்த மாதிரி ஒரு நிமிஷம் எல்லாருக்கும் ஒருநாள் வரும். கேட்டதைச் செய்து கொடுத்திருக்கலாம். விரல் பதிய ஆழமாகப் பள்ளம் வெட்டி, வார் கட்டி, அந்த மரத்துப்போன கையிலும் ரிவோல்வர் நிற்கும்படி என்னால் செய்ய முடியும். அவ்வளவு நன்றாகச் செய்திருப்பேன், அவர் இன்னும் ஒரு வருஷம் சமாளித்திருப்பார். அதற்குள் அந்தக் கை முடிந்திருக்கும். அல்லது ஏதாவது ஒரு வளைவில், உணர்ச்சியில்லாத விரல்களோடு குண்டேற்றிய ரிவோல்வரை எடுக்கப்போய் யாராவது செத்திருப்பார்கள். முடியாது என்றால் துரைக்குக் கோபம் வரும். அந்தத் தோட்டத்துத் துப்பாக்கி வேலையெல்லாம் எங்கள் கடைக்கு வருகிறது. ஹாஜியார் என் கழுத்தைப் பிடிப்பார்.

கையிலிருந்த பிடி இரண்டையும் பெஞ்சின் இழுப்பறையில் போட்டு மூடினேன்.

"ஐயா, மொதல்ல ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு தடவ போயிட்டு வந்தீங்கன்னா நல்லதுங்களே" என்றேன்.

"யார் வந்தது?" என்றார் அவர்.

"இல்லீங்க, நீங்க ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டினா என்னங்க..."

"என்னா காட்டுது?"

நான் மரியாதை கூட்டக் கூட்ட அவருக்கு விளங்குவது குறைந்துகொண்டே போயிற்று. சிங்களத்தில் சொன்னால் டிரைவர் காதில் விழும். இங்கிலீஷ் என்னிடம் இல்லை. அவருக்குத் தெரிந்த தமிழ் பெரட்டுத் தமிழ் ஒன்று தான். துரைமாரிடம் நான் பிறந்ததிலிருந்து கேட்ட தமிழ், ஒருநாளும் திருப்பிப் பேசியிராத தமிழ். வாசற்பக்கம் கையை நீட்டினேன்.

"போ!" என்றேன். "ஆஸ்பத்திரி போ. டாக்டர் பார். இன்னைக்கே போ. மரம் இல்ல. ரிவோல்வர் இங்க வை. கை காட்டு. போ!"

முன்மேசையில் ஹாஜியாருடைய கதிரை கிரீச்சிட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவன் ஒரு துரையைப் பார்த்து விரலை நீட்டிப் "போ" என்கிறான். துரையின் கழுத்து சிவந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவருக்கு நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது, அது மட்டும் தெரிந்தது. சுருட்டிய சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட முயன்றார். விரல் ஒத்துழைக்கவில்லை. நான் கிட்டப்போய்ப் போட்டுவிட்டேன்.

வெளியே போய் ஜீப்பில் ஏறினார். ஜீப் மேலே தோட்டப் பக்கம் திரும்புமா, கீழே ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புமா என்று வாசலில் நின்று பார்த்தேன். கீழே திரும்பியது.

ஹாஜியார் அன்று என்னைத் திட்டியதையெல்லாம் எழுதினால் உங்களுக்குப் பொழுது போகும், எனக்குத் தான் மானம் போகும். "துரைமாரப் பாத்துப் போங்கிறீங்க! நாளைக்கு என்னையும் போம்பீங்களா?" என்றார். உண்மைக் காரணத்தை நான் அவரிடமும் சொல்லவில்லை. துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் சொல்வது என் வேலை, சொன்னால் ஒரு மனிதனுடைய உத்தியோகம், வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் போய்விடக்கூடிய விஷயத்தைச் சொல்வது என் வேலை இல்லை. அந்த வியாதியின் பெயரைச் சொன்னால் நாற்காலியைக் கூடத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற காலம் அது. "துரைக்குச் சுகமில்லீங்க, அதான் கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன்" என்று முடித்துக்கொண்டேன். ரிவோல்வரை எண்ணெய்த் துணியில் சுற்றி இரும்புப் பெட்டியில் பூட்டினோம்.

அதற்குப்பிறகு அவர் வரவில்லை. அந்தத் தோட்டத்திலிருந்து வேறு துப்பாக்கியும் வரவில்லை. துரை லீவில் கொழும்புக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார், வேலையை விட்டுவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். நமுனுகுலப் பக்கத்து ஆட்கள் கடைக்கு வந்தால் நான் சுற்றி வளைத்து விசாரிப்பேன், சரியான பதில் கிடைக்காது. ஒருவேளை நான் நினைத்தது தவறாக இருந்து, வெறும் நரம்புப் பிடிப்பை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதரைப் பயமுறுத்தி அனுப்பிவிட்டேனோ? அல்லது நினைத்தது சரியாகவே இருந்து, காலம் கடந்துவிட்டதோ? இரண்டுமே எனக்கு நிம்மதி தரவில்லை. அந்த மெழுகு அச்சை உருக்கவும் மனம் வராமல், எறியவும் மனம் வராமல், ஜன்னலோரம் வைத்திருந்தேன். வெயிலில் அது தானாகவே உருக்குலைந்து போயிற்று.

மறு வருஷம், மலையெல்லாம் பளிச்சென்று தெரிந்த ஒரு காலையில் ஜீப் வந்து நின்றது. டிரைவர் இல்லை. அவரே ஓட்டி வந்திருந்தார். மெலிந்திருந்தார், முகம் கொஞ்சம் கறுத்திருந்தது. ஹாஜியாரைப் பார்த்துக் கைகூப்பி, "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றார். ஹாஜியார் வாயைத் திறந்தபடி எழுந்து நின்றார்.

உள்ளே வந்து பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கு இப்போது தமிழ் இருந்தது. நான் நினைத்த வியாதி தான். ஆனால் ஆரம்பம். மருந்து தினமும் குடிக்கிறார், இன்னும் பல வருஷம் குடிக்கவேண்டும். "டாக்டர் சொன்னது, இன்னும் ஆறு மாசம் விட்டா விரல் கொக்கி மாதிரி ஆகும். அப்புறம் ஒண்ணும் செய்ய ஏலாது. டாக்டர் கேட்டது, யார் கண்டுபிடிச்சது? நான் சொன்னது, துப்பாக்கி பாஸ்." கைவேலை தெரிந்த மேஸ்திரியைச் சிங்களத்தில் பாஸ் என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "பயம் வேணாம். மருந்து குடிக்குது தானே. ஒட்டாது. டாக்டர் சொன்னது" என்றார். அன்று நான் பின்னால் நகர்ந்த ஒரு அடியை அவர் மறக்கவில்லை. நான் கையை நீட்டினேன். அவர் தயங்கித் தயங்கித் தன் கையைக் கொடுத்தார். நான் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

மரம் போன கதையையும் அன்று தான் சொன்னார். பெரிய கங்காணியை ஒருநாள் தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொல்லி, நீண்ட நேரம் உட்கார்ந்தால் காலுக்கு என்ன ஆகும், அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டாராம். தன் கையைக் காட்டிக் கேட்கப் பயம். அந்த மனிதர் சொன்ன சொல்லைத்தான் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து, எங்கள் வாசற்படியில் பாதியைத் தவறவிட்டிருக்கிறார். கங்காணி இன்றுவரைக்கும் தன்னைத் துரை எதற்குச் சம்மணமிடச் சொன்னார் என்று தெரியாமல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

ரிவோல்வரை எடுத்தேன். இந்தத் தடவை தடிப்பும் இல்லை, வாரும் இல்லை, விரல்களுக்குப் பள்ளமும் இல்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன், எந்த விரல் எவ்வளவு மடங்குகிறது என்று கேட்டுக் கேட்டுச் செதுக்கினேன். மரம் என்ன மரம் என்று அன்று நான் யோசிக்கக்கூட இல்லை, கைக்கு முதலில் அகப்பட்ட கட்டை. அவர் போகாமல் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திருகாணியைப் போட்டு, ஒருமுறை துடைத்து, அவரிடம் நீட்டினேன்.

பிடித்தார். இறுக்கினார். புருவம் சுருங்கியது.

"குத்துது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்கங்க?"

"இங்க. கீழ." சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். "சின்ன விரல்ல குத்துது."

வாங்கிப் பார்த்தேன். பிடியின் கீழ் ஓரத்தில், மரமும் இரும்பும் சேருகிற இடத்தில், ஒரு துளி பிசிறு நின்றது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தான் தெரியும். "ஒரு நிமிஷங்க, ராவிடுறேன்" என்று அரத்தை எடுத்தேன். அப்போது தான் அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கும் அதே நேரத்தில் தான் உறைத்திருக்கும் போல. ரிவோல்வரை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு, மறுபடியும் பிடித்தார். மறுபடியும் சுண்டுவிரலை அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதை அவர் துடைக்கவும் இல்லை.

"குத்துது," என்றார். "ஐயோ, நல்லாக் குத்துது."

அரத்தை நீட்டியபடி நான் நின்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம். இது சரி பண்ண வேணாம்."

பிசிறு வைத்த வேலையைப் பட்டறையிலிருந்து வெளியே விட்டவன் இல்லை நான். அதை மட்டும் அப்படியே துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன்.